இசப்கோல் உமி: நான்கு மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு ஒரு மதிப்பீடு

கடந்த பிப்ரவரியில் என் மாமனாருக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. அவருக்கு வயது 76. கும்பகோணத்தில் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு, தையல் போட்ட காலைவிட அவரை அதிகம் வாட்டியது மலச்சிக்கல்தான். வலிக்காகக் கொடுத்த மாத்திரைகளில் ஒன்று ஓபியாய்டு வகையைச் சேர்ந்தது. அது குடலின் அசைவையே மந்தமாக்கிவிடும். இரத்தச்சோகைக்காக இரும்புச்சத்து மாத்திரை வேறு. நடமாட்டம் இல்லை. எழுந்து கழிப்பறைக்குப் போவதற்கு அஞ்சித் தண்ணீர் குடிப்பதையும் அவரே குறைத்துக்கொண்டார். மருத்துவர் முதலில் வேறொரு மலமிளக்கியைக் கொடுத்தார். ஓபியாய்டு மாத்திரையை நிறுத்திய பிறகுதான் இசப்கோல் உமியை எழுதினார். அந்த வரிசைக்கு ஒரு காரணம் உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன். அதே மாதத்தில் எனக்கு எடுத்த இரத்தப் பரிசோதனையில் எல்டிஎல் என்னும் கெட்ட கொலஸ்ட்ரால் 148 என்று வந்திருந்தது. மாத்திரை தொடங்குவதற்கு முன் மூன்று மாதங்கள் உணவை மாற்றிப் பார்க்கலாம் என்று சொன்ன என் மருத்துவரும் அதே உமியைத்தான் பரிந்துரைத்தார். இப்படி ஒரே பொருளை ஒரே வீட்டில் இரண்டு வெவ்வேறு காரணங்களுக்காக நான்கு மாதங்கள் பயன்படுத்தியிருக்கிறோம். இதை வாங்க நினைப்பவர்களுக்கும், ஏற்கெனவே வாங்கி அலமாரியில் வைத்திருப்பவர்களுக்கும் பயன்படும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

இசப்கோல் என்பது பிளாண்டாகோ ஓவாட்டா என்னும் சிறு செடியின் விதை. பாரசீக மொழியில் குதிரையின் காது என்று பொருள்படும் சொற்களிலிருந்து வந்த பெயர் இது. விதையின் வடிவத்தைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். குஜராத்தின் வட மாவட்டங்களிலும் ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் குளிர்காலப் பயிராக விளைகிறது. அறுவடைக் காலத்தில் ஒரு மழை பெய்துவிட்டால் கதிரிலிருக்கும் விதை உதிர்ந்தும் ஈரத்தில் ஊறியும் வீணாகிவிடும். விவசாயியின் நான்கு மாத உழைப்பு அந்த ஒரு நாளில் போய்விடும். சீரகச் சந்தைக்குப் பேர்போன உஞ்சா என்ற ஊர்தான் இசப்கோலுக்கும் பெரிய சந்தை. உலகத்தில் இதை அதிகம் விளைவிப்பதும் ஏற்றுமதி செய்வதும் இந்தியாதான். அதிகம் வாங்குவது அமெரிக்கா. பெட்டியில் நமக்குக் கிடைப்பது முழு விதை அன்று. விதையின் மேல் படர்ந்திருக்கும் மெல்லிய தோலை மட்டும் அரைத்துப் புடைத்துப் பிரித்தெடுக்கிறார்கள். விதையின் எடையில் அது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். உமி என்று சொல்லிப் பழகிவிட்டாலும் நெல் உமியின் சொரசொரப்பு இதற்குக் கிடையாது. இது ஒரு விதையின் தோல் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் இந்த மதிப்பீட்டில் நான் சொல்ல வந்த முக்கியமான செய்தி அந்தத் தோலைப் பற்றியதுதான்.

நாங்கள் வாங்கியது சுவையோ நிறமோ சேர்க்காத சாதாரண உமி. 100 கிராம் பெட்டி 150 ரூபாய். உள்ளே வெள்ளித்தாள் உறையில், லேசான பழுப்புக் கலந்த வெண்மையில், மரத்தூளைவிட மெல்லியதாக, ஊதினால் பறந்துவிடும் அளவுக்கு இலேசாக இருக்கிறது. வாசனை என்று சொல்லும்படி எதுவும் இல்லை. தட்டையாக ஒரு மேசைக்கரண்டி எடுத்துச் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். ஏறக்குறைய 5 கிராம் வந்தது. அதையே தேக்கரண்டியால் எடுத்தபோது 2 கிராமைக்கூடத் தொடவில்லை. இந்த வேறுபாட்டைப் பலரும் கவனிப்பதில்லை. இரண்டு தேக்கரண்டி போட்டுக் குடித்துவிட்டுப் பலன் இல்லை என்று சொல்பவர்கள் உண்மையில் மூன்று நான்கு கிராம்தான் உட்கொண்டிருப்பார்கள்.

ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில், அதாவது சுமார் 240 மில்லியில், ஒரு மேசைக்கரண்டி உமியைப் போட்டுக் கலக்கினால் முதல் அரை நிமிடம் அது மேலும் கீழுமாக மிதக்கிறது. இரண்டாவது நிமிடத்தில் தண்ணீர் கனக்கத் தொடங்குகிறது. ஐந்து நிமிடம் விட்டால் கரண்டியை எடுத்ததும் நூலாக இழுபடும் பாகாகிவிடுகிறது. கால்மணி நேரம் கழித்து டம்ளரைக் கவிழ்த்தாலும் மெதுவாகத்தான் இறங்குகிறது. சப்ஜா விதையை ஊறவைத்துப் பார்த்தவர்களுக்கும், ஊறிய வெந்தயத்தைக் கையால் தொட்டவர்களுக்கும் இந்த வழவழப்பு புதிதன்று, ஆனால் இதன் அளவும் வேகமும் அவற்றைவிடப் பல மடங்கு அதிகம். சுவை இல்லாததால் குடிப்பதில் சிரமம் இல்லை. தொண்டையில் இறங்கும்போது தோன்றும் அந்த வழவழப்பு சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். மோரில் கலந்தால் அது பெரிதாகத் தெரிவதில்லை என்பது என் அனுபவம். கலக்கிய உடனே குடித்துவிட வேண்டும். தொலைபேசி வந்தது என்று எழுந்து போனால் திரும்பி வரும்போது கரண்டியால் அள்ளித்தான் தின்ன வேண்டியிருக்கும்.

இங்கே ஒரு விபத்தைச் சொல்லியாக வேண்டும். முதல் பெட்டியை வாங்கிய மருந்துக்கடையில், “சும்மா வாயில் போட்டுக்கொண்டு தண்ணீர் குடித்தால் போதும்” என்று சொல்லி அனுப்பினார்கள். மாமனாரும் அப்படியே ஒரு கரண்டி உமியை உலர்ந்தபடி வாயில் போட்டு அரை டம்ளர் தண்ணீர் குடித்தார். உமி எச்சிலை உறிஞ்சித் தொண்டையிலேயே உப்பத் தொடங்கிவிட்டது. அவர் கண்கள் சிவந்து, இருமவும் முடியாமல், கையை மட்டும் அசைத்துக் கூப்பிட்ட அந்தச் சில நொடிகளை என்னால் மறக்க முடியவில்லை. முன்னால் சாய்த்து உட்காரவைத்ததும் இருமி வெளியே துப்பிவிட்டார். இது எங்களுக்கு மட்டும் நடந்ததன்று. போதிய நீரில்லாமல் உட்கொண்டால் தொண்டையோ உணவுக்குழாயோ அடைபட்டு மூச்சுத் திணறலாம் என்ற எச்சரிக்கையை இத்தகைய பொருள்களின் மேல் அச்சிட வேண்டும் என்பது அமெரிக்காவில் சட்டப்படி கட்டாயம். நாங்கள் வாங்கிய பெட்டியிலும் அந்த வரி இருக்கத்தான் செய்தது, ஆனால் உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லாமல் 76 வயதுக்காரரால் வாசிக்க முடியாத அளவில், மடிப்பின் ஓரத்தில் இருந்தது. அளவைச் சொல்லும் வரிக்குப் பக்கத்திலேயே பெரிய எழுத்தில், அதுவும் தமிழில், அது இருக்க வேண்டும். இந்தப் பொருளின் மேல் எனக்குள்ள மிகப் பெரிய குறை இதுதான்.

இனி, வாங்கிய வேலையை அது செய்ததா என்பதற்கு வருகிறேன். மாமனாருக்கு முதல் வாரம் நாளுக்கு ஒரு தேக்கரண்டி, இரண்டாவது வாரம் இரண்டு, மூன்றாவது வாரத்திலிருந்து ஒரு மேசைக்கரண்டி என்று படிப்படியாக ஏற்றினோம். ஒரே நாளில் முழு அளவைத் தொடங்கினால் வயிறு உப்பும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். முதல் இரண்டு நாட்களில் எந்த மாற்றமும் இல்லை. மூன்றாம் நாளிலிருந்து முக்காமல் போக முடிந்தது. இரண்டாம் வாரத்தில் தினமும் ஒரே நேரத்தில் போகத் தொடங்கினார். மருந்துக்கடையில் கிடைக்கும் வேறு சில மலமிளக்கிகளைப் போல வயிற்றைப் பிசைந்து அவசரப்படுத்தும் தன்மை இதற்கு இல்லை. உமியிலுள்ள அராபினோசைலான் என்னும் நார்ப்பொருள் தண்ணீரைத் தன்னுள் பிடித்துக்கொள்கிறது. நம் சிறுகுடலால் அதைச் செரிக்க முடியாது. பெருங்குடலில் வாழும் நுண்ணுயிரிகளும் அதைப் பெரிதாகத் தின்று தீர்ப்பதில்லை. ஆகவே பிடித்த தண்ணீரை விடாமல் கடைசிவரை கொண்டுபோய் மலத்தை இளக்கமாகவும் பருமனாகவும் ஆக்குகிறது. இதே காரணத்தால்தான் நீராகப் போகும் வயிற்றுப்போக்கிலும் இது உதவுகிறது. அங்கே மிதமிஞ்சிய நீரைத் தன்னுள் கட்டிவைக்கிறது. எதிரெதிரான இரண்டு தொல்லைகளுக்கும் ஒரே பொருளா என்று பலரும் ஐயப்படுகிறார்கள். இரண்டு இடத்திலும் அது செய்யும் வேலை தண்ணீரைப் பிடித்துவைப்பது மட்டுமே.

நாட்பட்ட மலச்சிக்கல் பற்றி அமெரிக்காவின் இரண்டு இரைப்பை குடலியல் மருத்துவச் சங்கங்கள் 2023-இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலில், தனியாக விற்கப்படும் நார்ச்சத்துப் பொருள்களில் இசப்கோலுக்கு மட்டுமே பலன் தெரிவதாகவும், தவிடு, இனுலின் என்னும் இன்னொரு நார்ப்பொருள் ஆகியவற்றுக்கான சான்று மிகக் குறைவு என்றும் குறிப்பிட்டிருக்கிறார்கள். அதனுடன் தண்ணீரையும் சேர்த்தே சொல்கிறார்கள். தண்ணீர் இல்லாவிட்டால் இது மருந்தன்று, அடைப்பு. ஓபியாய்டு மாத்திரை ஓடிக்கொண்டிருந்தபோது மருத்துவர் இதை எழுதாததற்குக் காரணமும் அதுவே. குடல் அசையாமல் கிடக்கும்போது உள்ளே பருமனான பாகைக் கொண்டுபோய் நிரப்பினால் அது நகராமல் அங்கேயே இறுகிவிடக்கூடும். குடல் ஓரிடத்தில் குறுகிப்போனவர்கள், விழுங்குவதில் சிரமம் உள்ளவர்கள், காரணம் தெரியாத வயிற்றுவலியோ மலத்தில் இரத்தமோ உள்ளவர்கள் ஆகியோர் மருத்துவரைப் பார்க்காமல் இதைத் தொடவே கூடாது.

என் கொலஸ்ட்ரால் கதைக்கு அளவு வேறு. உணவுக் கொழுப்பைச் செரிக்க நம் கல்லீரல் கொலஸ்ட்ராலிலிருந்து பித்த அமிலங்களை உண்டாக்கிக் குடலுக்கு அனுப்புகிறது. வேலை முடிந்ததும் அவற்றில் பெரும்பகுதி உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே திரும்புகிறது. இசப்கோலின் பாகு அந்தப் பித்த அமிலங்களில் ஒரு பகுதியைச் சிக்கவைத்து வெளியேற்றிவிடுவதால், கல்லீரல் இரத்தத்திலிருந்து எல்டிஎல் கொலஸ்ட்ராலை எடுத்துப் பித்த அமிலங்களைப் புதிதாக உண்டாக்க வேண்டியதாகிறது. இசப்கோல் உமியிலிருந்து நாளுக்கு 7 கிராம் கரையும் நார்ச்சத்து கிடைத்தால், நிறைகொழுப்பு குறைந்த உணவின் பகுதியாக அது இதயநோய் அபாயத்தைக் குறைக்கக்கூடும் என்று அச்சிட்டுக்கொள்ள அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1998-இல் அனுமதித்தது. 7 கிராம் கரையும் நார்ச்சத்துக்கு ஏறத்தாழ 10 கிராம் உமி வேண்டும். அதாவது இரண்டு மேசைக்கரண்டி, இரண்டு பெரிய டம்ளர் தண்ணீர். காலை உணவுக்கு முன் ஒன்று, இரவு உணவுக்கு முன் ஒன்று என்று எடுத்துக்கொண்டேன். மூன்று மாதம் கழித்து எல்டிஎல் 129 ஆகியிருந்தது. இந்த 19 புள்ளிகளும் உமியால் வந்தவை என்று நான் சொல்ல மாட்டேன். அதே மூன்று மாதங்களில் மாலை வடையையும் பஜ்ஜியையும் நிறுத்தியிருந்தேன், வேறு சில மாற்றங்களும் செய்திருந்தேன். இத்தகைய ஆய்வுகளில் உமியால் மட்டும் வரும் இறக்கம் பொதுவாகப் பத்து சதவீதத்துக்குள்தான் இருக்கிறது. ஏற்கெனவே மாத்திரை எடுத்துக்கொண்டிருப்பவர்கள் இதை நம்பி மாத்திரையை நிறுத்துவது பெரும் தவறு.

இதுவரை சொன்னதை வைத்துப் பார்த்தால் இது நல்ல பொருள். ஆனால் கடைகளிலும் விளம்பரங்களிலும் இசப்கோலை விற்கும் விதத்தில் வேறொரு செய்தி ஒளிந்திருக்கிறது. நார்ச்சத்து உடலுக்கு நல்லது, இதில் நார்ச்சத்து இருக்கிறது, ஆகவே நார்ச்சத்தின் எல்லா நன்மையும் இந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதே அது. இந்த மூன்றாவது அடி தவறானது, ஏன் தவறு என்று தெரிந்துகொள்வது முக்கியம்.

உணவு நார்ச்சத்து என்ற சொல்லே 1953-இல்தான் மருத்துவ எழுத்தில் வந்தது. அதற்கு முன் அதைச் சக்கை என்று ஒதுக்கியிருந்தார்கள். சக்கையின் மேல் உலகத்தின் கவனத்தைத் திருப்பியவர்களில் முக்கியமானவர் டெனிஸ் பர்கிட். அயர்லாந்தில் பிறந்து, உகாண்டாவின் கம்பாலாவில் அறுவை மருத்துவராகப் பணியாற்றியவர். குழந்தைகளைத் தாக்கும் ஒரு நிணநீர்ப் புற்றுநோய்க்கு இன்றும் அவர் பெயர்தான். பிரிட்டனில் நாள்தோறும் பார்க்கும் குடல்வால் அழற்சியும் பெருங்குடல் நோய்களும் ஆப்பிரிக்கக் கிராமங்களில் மிக அரிதாக இருப்பதைக் கண்ட அவரும் அவருடைய கூட்டாளிகளும், இரு இடத்து மக்களின் மலத்தை எடைபோட்டு, உண்டது வெளியேற எத்தனை மணி நேரம் ஆகிறது என்று கணக்கிட்டு, 1972-இல் லான்செட் என்னும் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். உகாண்டாக் கிராமத்தினரின் மலம் நாளுக்கு 400 கிராமுக்கு மேல் இருந்தது. பிரிட்டனில் தீட்டிய உணவை உண்டவர்களுக்கு அதில் கால்பங்கு அளவுதான். உண்டது வெளியேற ஆகும் நேரமும் அங்கே பாதிக்கும் குறைவு. பர்கிட் சொன்ன எல்லாமே பின்னாளில் அப்படியே நிலைத்துவிடவில்லை, ஆனால் உணவில் நார்ச்சத்து குறைவதுதான் இந்த நோய்களுக்குக் காரணமா என்று அவர் கேட்ட கேள்வி நிலைத்தது.

அந்தக் கேள்விக்கு வந்த விரிவான விடைகளில் ஒன்று, உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டதன் பேரில் செய்யப்பட்டு 2019-இல் லான்செட்டில் வெளிவந்த தொகுப்பாய்வு. நீண்டகாலம் மக்களைப் பின்தொடர்ந்த 185 ஆய்வுகளையும் 58 மருத்துவச் சோதனைகளையும் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். நார்ச்சத்தை மிக அதிகம் உண்டவர்களிடம், மிகக் குறைவாக உண்டவர்களைவிட, ஒட்டுமொத்த இறப்பும் இதயநோய், பக்கவாதம், இரண்டாம் வகை நீரிழிவு, பெருங்குடல் புற்றுநோய் ஆகியவையும் 15 முதல் 30 சதவீதம் குறைவாக இருந்தன. நாளுக்கு 25 முதல் 29 கிராம்வரை உண்டவர்களிடம் பலன் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அந்த நீண்டகால ஆய்வுகளில் கணக்கிடப்பட்டது தட்டில் விழுந்த நார்ச்சத்து: முழுத்தானியம், பயறு, காய், பழம். பெட்டியில் வந்த நார்ச்சத்து அன்று.

இரண்டுக்கும் வேறுபாடு எங்கே என்றால், பெருங்குடலில். பயறிலும் காயிலும் உள்ள நார்ப்பொருளில் பெரும்பகுதியை அங்குள்ள நுண்ணுயிரிகள் நொதிக்கவைத்து, அசிட்டேட், புரோப்பியனேட், பியூட்டிரேட் என்ற சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. பெருங்குடலின் உட்சுவரிலுள்ள செல்களுக்குப் பியூட்டிரேட்தான் முதன்மையான எரிபொருள். அந்த நுண்ணுயிரிகளுக்கு உணவு கிடைக்காவிட்டால் குடலைக் காக்கும் சளிப்படலத்தையே அவை தின்னத் தொடங்குவதை விலங்குச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். இசப்கோலின் சிறப்பு எதுவென்று முன்னால் சொன்னேனோ, அதாவது நுண்ணுயிரிகளால் தின்ன முடியாமல் கடைசிவரை தண்ணீரைப் பிடித்திருப்பது, அதுவே இங்கே அதன் போதாமையாகிறது. இரண்டாயிரமாம் ஆண்டில் லான்செட்டில் வெளிவந்த ஓர் ஐரோப்பியச் சோதனையில், பெருங்குடலில் புற்றுநோயாக மாறக்கூடிய கட்டிமுளைகள் நீக்கப்பட்டவர்களுக்கு நாள்தோறும் 3.5 கிராம் இசப்கோல் கொடுத்துப் பார்த்தபோது அவை மீண்டும் வருவது குறையவில்லை. கொடுக்காதவர்களைவிட அதிகமாகவே வந்தன. ஒரே ஒரு சோதனையை வைத்து யாரும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனாலும் புற்றுநோயைத் தடுக்கும் என்று சொல்லி இதை விற்பவரை நம்ப வேண்டாம் என்பதற்கு அது போதும்.

இதையெல்லாம் படித்த பிறகு எங்கள் வீட்டுச் சாப்பாட்டைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுப் பட்டியலில் ஒவ்வொரு பொருளிலும் 100 கிராமுக்கு எவ்வளவு நார்ச்சத்து என்று இருக்கிறது. மாமனாரின் ஒரு நாளைக்கு 200 கிராம் புழுங்கலரிசி, அதில் ஏழரை கிராம். 40 கிராம் துவரம்பருப்பு, மூன்றரை கிராம் சொச்சம். காய்கறியில் ஒரு நான்கு கிராம். மொத்தம் பதினைந்து. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2,000 கலோரி உணவுக்குச் சொல்லும் அளவு 30 கிராம். பாதிதான் வருகிறது.

முதலில் தோன்றியது அரிசியை மாற்றுவதுதான். பட்டியல் வேறு வழி காட்டியது. தீட்டிய பச்சரிசியில் 2.81 கிராம், புழுங்கலில் 3.74, தீட்டாத அரிசியில் 4.43. தீட்டாத அரிசிக்கு வேறு நன்மைகள் உண்டு, ஆனால் நார்ச்சத்தை மட்டும் நினைத்து அதிக விலை கொடுத்தால் புழுங்கலைவிட 100 கிராமுக்குக் கூடுதலாகக் கிடைப்பது ஒரு கிராம்கூட இல்லை. சாமையில் 7.72, கேழ்வரகில் 11.18 என்று சிறுதானியங்கள் முன்னால் நிற்கின்றன. உண்மையான வேறுபாடு பயறுகளில்தான் இருக்கிறது. துவரம்பருப்பில் 9.06 கிராம், தோல் நீக்காத முழுத் துவரையில் 22.84. உளுத்தம்பருப்பில் 11.93, தோலுடன் கூடிய கருப்பு உளுந்தில் 20.41. கடலைப்பருப்பில் 15.15; முழுக் கொண்டைக்கடலையில் 25.22. பாசிப்பருப்பில் 9.37, முழுப் பாசிப்பயறில் 17.04. ஒவ்வொரு இணையிலும் இழந்தது ஒன்றுதான், தோல். அந்தத் தோல் ஆலையில் பிரிந்து துவரம்பொட்டு, உளுந்தம்பொட்டு என்று மூட்டையாகி மாட்டுத் தீவனக் கடைக்குப் போய்விடுகிறது. நாம் குஜராத்தில் விளைந்த ஒரு விதையின் தோலைப் பெட்டியில் வாங்கிக்கொண்டு வருகிறோம். இதைக் கண்டுகொண்ட அன்று எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. இத்தனை ஆண்டுகள் நானே பார்த்துப் பார்த்துத் தோல் இல்லாத பருப்பாகத்தான் வாங்கியிருக்கிறேன்.

விலையையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். நாளுக்கு 10 கிராம் உமி என்றால் 15 ரூபாய். அதில் கிடைக்கும் நார்ச்சத்து எட்டு கிராம் அளவில் இருக்கும். எங்கள் ஊர் மளிகைக்கடையில் 50 கிராம் கருப்புக் கொண்டைக்கடலை ஐந்து ரூபாய்க்குள் அடங்குகிறது. அதில் நார்ச்சத்து 12.6 கிராம். கூடவே புரதம், இரும்பு, ஃபோலேட். ஊறவைத்து வேகவைத்துத் தேங்காய் தாளித்துச் சுண்டலாகச் செய்தால் மாமனார் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். இட்லிக்குத் தோல் உளுந்துக்கு மாறினோம். மாவு சற்றுச் சாம்பல் நிறமாகிறது, மணம் கூடுகிறது, பூப்போல வருவதில் குறையில்லை. வாரத்தில் இரண்டு நாள் முழுப் பாசிப்பயறுக் குழம்பு. மதியம் பெரும்பாலும் ஒரு கொய்யாப்பழம். அதில் மட்டும் 100 கிராமுக்கு எட்டரை கிராம் நார்ச்சத்து இருக்கிறது. இவற்றையும் மெதுவாகத்தான் கூட்ட வேண்டும். முதல் வாரத்தில் எங்கள் எல்லோருக்கும் வாயுத் தொல்லை இருந்தது, இரண்டு வாரத்தில் அடங்கியது.

பிற வடிவங்களையும் வாங்கிப் பார்த்தேன், அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஆரஞ்சுச் சுவை சேர்த்த பொடி குடிக்க எளிது, ஆனால் சிலவற்றில் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. நீரிழிவு உள்ளவர்கள் பெட்டியின் பின்பக்கத்தைப் படிக்காமல் வாங்கக் கூடாது. மாத்திரை வடிவத்தில் 5 கிராம் சேர்வதற்குப் பத்துக்கு மேல் விழுங்க வேண்டியிருக்கும். நார்ச்சத்து மிகுந்தது என்று எழுதிய பிஸ்கட்டுகளைப் பற்றி மட்டும் ஒரு சொல். இந்தியாவின் உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிப்படி 100 கிராமில் 6 கிராம் இருந்தால் அப்படி எழுதிக்கொள்ளலாம். நாம் தின்னும் இரண்டு பிஸ்கட் 20 கிராம் எடை என்றால், அதில் கிடைப்பது ஒன்றேகால் கிராம்கூடத் தேறாது. மைதாவும் சர்க்கரையும் கொழுப்பும் முழு அளவில் வந்து சேரும். தோல் உளுந்து இட்லி எவ்வளவோ மேல்.

மருந்துகளோடு சேரும் விதத்திலும் கவனம் வேண்டும். இசப்கோலின் பாகு மாத்திரைகளையும் தன்னுள் சிக்கவைத்து உறிஞ்சப்படுவதைத் தாமதப்படுத்தக்கூடும். மாமனாரின் இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதற்கும் இடையில் இரண்டு மணி நேரம் விட்டோம். தைராய்டு மாத்திரை, இதய மருந்துகள் எடுத்துக்கொள்பவர்களும் மருத்துவரிடம் கேட்டு இடைவெளியை அமைத்துக்கொள்ள வேண்டும். உணவுக்கு முன் எடுத்துக்கொண்டால் உணவிலுள்ள சர்க்கரை இரத்தத்தில் ஏறும் வேகம் குறைகிறது. நீரிழிவு உள்ளவர்களுக்கு அது நன்மைதான் என்றாலும், இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் தொடக்க நாட்களில் சர்க்கரை அளவை அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும். குடித்துவிட்டு உடனே படுப்பது நல்லதன்று. திறந்த பெட்டியை ஈரக் காற்று படாமல் மூடிய டப்பாவில் வைக்க வேண்டும். ஈரக் கரண்டியை ஒருமுறை உள்ளே விட்டதில் எங்கள் இரண்டாவது பெட்டியில் கால்வாசி கட்டிதட்டிப் போயிற்று.

மலச்சிக்கலுக்கும், எல்லைக்கோட்டில் நிற்கும் கொலஸ்ட்ராலுக்கும், மருத்துவர் சொல்லி, அளவறிந்து, தண்ணீரோடு எடுத்துக்கொள்பவர்களுக்குச் சாதாரண இசப்கோல் உமியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். சாப்பாட்டில் நார்ச்சத்து போதவில்லை என்ற ஒரே காரணத்துக்காக இதை வாங்க நினைப்பவர்கள் அந்தப் பணத்துக்கு முதலில் ஒரு கிலோ முழுப்பயறு வாங்கட்டும். நான் இப்போது நாளுக்கு ஒரு மேசைக்கரண்டியாகக் குறைத்துக்கொண்டேன். அடுத்த பரிசோதனை செப்டம்பரில். மாமனாருக்குச் சுண்டலும் நடையும் வந்த பிறகு உமி வாரத்தில் இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் தேவைப்படவில்லை. தேவைப்படும் இரவுகளில் அவரே எழுந்து செம்பு நிறையத் தண்ணீர் மொண்டு மேசையில் வைத்துவிட்டுத்தான் டப்பாவைத் திறக்கிறார்.